மூச்சும் குருதியும்: இப்னு நஃபீஸ் காட்டிய வழி

நாம் உண்ணும் உணவு இரைப்பையிலும் சிறுகுடலிலும் செரித்து, குடலின் உட்சுவரில் விரல்களைப்போல் நீட்டி நிற்கும் உறிஞ்சிகள் வழியே குருதியில் சேர்கின்றது. நாம் இழுக்கும் காற்று நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளை அடைய, அதிலுள்ள பிராணவாயு குருதியில் கலக்கின்றது; கரியமிலவாயு வெளியேறுகின்றது. இன்று பள்ளி மாணவரும் அறிந்த செய்தி இது. ஆயினும், காற்றும் குருதியும் எங்கே சந்திக்கின்றன என்னும் வினாவுக்குச் சரியான விடை காண மனித குலம் நெடுங்காலம் காத்திருந்தது.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ் (கேலன்) ஒரு விளக்கம் தந்தார். செரித்த உணவின் சாறு கல்லீரலில் குருதியாகின்றது. அதில் ஒரு பகுதி இதயத்தின் வலது கீழறைக்கு வந்து, நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குப் புலப்படாத துளைகள் வழியே இடது கீழறைக்குக் கசிகின்றது. அங்கேதான் காற்றுடன் கூடுகின்றது என்பது அவர் கொள்கை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவ உலகம் இதனை ஏற்றிருந்தது. இப்னு சீனாவின் (980–1037) ‘அல்கானூன்’ என்னும் பெருநூலும் இதயத்தின் அமைப்பில் பெரிதும் இவ்வழியையே பின்பற்றியது.

திமிஷ்கில் மருத்துவம் பயின்று, பின் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு நஃபீஸ் (மறைவு ஹிஜ்ரி 687 / கி.பி. 1288) ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட அறிஞருமாவார். அவர் 1242ஆம் ஆண்டளவில் அல்கானூனின் உடற்கூற்றுப் பகுதிக்கு ஓர் உரை வரைந்தார். உரை எழுதப் புகுந்தவர் மூலநூலை மெச்சி அமையவில்லை. இதயத்தின் நடுச்சுவர் தடித்தது, இறுகியது; அதில் புலப்படும் துளையும் இல்லை, புலப்படாத துளையும் இல்லை என்று உறுதிபடக் கூறினார். அவ்வாறெனில் குருதி இடப்புறம் செல்வது எங்ஙனம்? வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்குச் சென்று, அங்கே பரவிக் காற்றுடன் கலந்து, வேறொரு நாளத்தின் வழியே இதயத்தின் இடப்புறத்தை அடைகின்றது என்பது அவர் விடை. அவ்விரு நாளங்களுக்கிடையே வழிகள் இருத்தல் வேண்டும் என்றும் அவர் கண்டார். இத்தாலியரான மால்பிகி 1661இல் நுண்ணோக்கியின் துணையுடன் தவளையின் நுரையீரலில் கண்ட நுண்குழாய்களே அவ்வழிகள்.

இங்கே நாம் மிகைப்படுத்தலாகாது. பிராணவாயு 1770களில்தான் கண்டறியப்பட்டது. இப்னு நஃபீஸ் அதனை அறிந்திருக்க வழியில்லை. காற்றும் குருதியும் கூடி உயிராவி உண்டாகின்றது என்னும் பழைய கருத்தை அவரும் கொண்டிருந்தார். உடல் முழுவதும் குருதி சுற்றிவரும் முறையை 1628இல் விளக்கியவர் ஆங்கிலேயரான ஹார்வே. அதற்கு முன் ஐரோப்பாவில் செர்வீட்டஸ் (1553), கொலம்போ (1559) ஆகியோர் நுரையீரல் வழியை எழுதினர். அவர்கள் இப்னு நஃபீஸிடமிருந்தே பெற்றனர் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. உண்மையின் அளவுக்குப் பெருமை கொள்வதே அவருக்கு நாம் செய்யும் நீதியாகும்.

நம்மை வருத்த வேண்டியது வேறொன்று. பின்வந்த உரையாசிரியர் சிலர் இக்கருத்தை அறிந்திருந்தும், அது மருத்துவக் கல்வியின் பொதுக்கருத்தை மாற்றவில்லை. நூல் சுவடியாகத் தங்கிற்று. எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்தத்தாவி பெர்லினில் இருந்த ஒரு கையெழுத்துப் படியைக் கண்டு, 1924இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டின் வாயிலாகவே உலகம் அதனை மீண்டும் அறிந்தது. ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள்! நூலைப் பேணியவர்கள் இருந்தனர். அதன் வாதத்தைச் சோதித்து முன்னெடுத்துச் சென்றவர்களே அரியராயினர்.

இப்னு நஃபீஸ் தம் இல்லத்தையும் நூல்களையும் கெய்ரோவின் மன்ஸூரி மருத்துவமனைக்கு வக்ஃபு செய்து மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பெரிய வக்ஃபு அவரது அணுகுமுறையே என்போம். இப்னு சீனாவை மதித்துக் கற்றார். கற்றதனாலேயே பிழை கண்ட இடத்தில் அதனைச் சொல்லும் தகுதி பெற்றார். முன்னோரை மதித்தலும் அவர் கூற்றை ஆராய்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. நம் மதரஸாக்களும் கல்லூரிகளும் இவ்விரண்டையும் ஒருங்கே கற்பிக்குமாயின், இறைவன் அருளிய ஒவ்வொரு மூச்சுக்கும் நாம் செலுத்தும் நன்றி அறிவாலும் நிறைவுறும்.