கரையில் ஒரு பங்கு

புதுச்சேரி வீராம்பட்டினத்தில் கட்டுமரம் மட்டுமே ஓடிய காலத்தில் கரைவலை இழுக்க எத்தனை ஆள் வந்தாலும் வேண்டாம் என்று சொன்னதில்லையாம். ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னுக்கு நடக்க வேண்டும். முன்னால் நிற்பவன் இழுக்கும்போது நாமும் இழுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பேச்சு வராதவன், பத்து வரை எண்ணத் தெரியாதவன், யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காதவன், எல்லோருக்கும் அந்தக் கயிற்றில் இடம் இருந்தது. ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்தாலும் சலிக்காத ஒருவன் அங்கே நல்ல ஆள்தான். வலையின் மடி கரையேறியதும் அவன் துண்டில் இரண்டு கை மீனை அள்ளிப் போடுவார்கள். முழுப் பங்கு கிடைக்காது. ஆனாலும் வீட்டுக்குக் குழம்புமீன் கொண்டுபோகிறவன் என்ற பேர் இருந்தது. சாப்பிட்டானா, கடலில் இறங்கிவிட்டானா என்று பார்க்கக் கரையில் அத்தனை கண்கள் இருந்தன. அதை ஒரு வேலை என்று யாரும் நினைத்ததில்லை.

இதோடு நிறுத்திவிட்டு அந்தக் காலமே தங்கமான காலம் என்று பெருமூச்சு விடலாம். அப்படி விட்டால் பாதியை மறைத்தவர்கள் ஆவோம். கரையில் இடம் கிடைத்தது ஆண்பிள்ளைகளுக்கு மட்டும். அதேபோல ஆட்டிசமோ அறிவு வளர்ச்சிக் குறைபாடோ உள்ள பெண்பிள்ளை பின்கட்டில்தான் வளர்ந்தாள். வயதுக்கு வந்த பிறகு வாசலில்கூட உட்கார விடமாட்டார்கள். முரண்டு பிடிக்கும் பையனின் காலில் கயிறு விழும். விடலைகள் சீண்டுவார்கள், கல்லெறிவார்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிப்பார்கள். வீட்டில் சமாளிக்க முடியாமல் போனால் கோயில், அதுவும் சரிப்படாவிட்டால் தர்கா. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா அருகே ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டியிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். அங்கிருந்தவர்களை மனநோயாளிகள் என்றார்கள். அறிவு வளர்ச்சிக் குறைபாடு வேறு, மனநோய் வேறு என்று பிரித்துப் பார்க்கிற வழக்கம் அப்போது ஊர்ப்புறத்தில் ஏது?

சட்டமும் மெதுவாகத்தான் வந்தது. 1995-இல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடமே இல்லை. ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் சேர்த்து 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. 2016-இல் வந்த புதிய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகள் இருந்த பட்டியலை 21 ஆக்கி, ஆட்டிசத்தையும் அதில் சேர்த்தது. புதுச்சேரியில் 2003-இல் சித்ரா ஷா தொடங்கிய சத்யா சிறப்புப் பள்ளி போன்ற இடங்கள் வந்த பிறகு, பிள்ளையை வேனில் ஏற்றி அனுப்பலாம் என்ற தைரியம் தாய்மார்களுக்கு வந்தது. இந்த மாற்றம் சாதாரணமானதில்லை. மூன்று வயதிலேயே கண்டுபிடிக்கிறார்கள், பயிற்சி கொடுக்கிறார்கள், அடையாள அட்டை இருக்கிறது, தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் வரை மருத்துவச் செலவு பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் பிள்ளைக்குப் பதினெட்டு ஆனதும் வேன் வாசலுக்கு வருவது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. வளர்ந்தவன் திரும்பி வரும் ஊரோ பழைய ஊர் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. கட்டுமரம் அருகிப்போனது, கரைவலை அபூர்வமாகிவிட்டது. பத்துப் பேர் தோள் கொடுத்து மேலேற்றிய படகை இப்போது டிராக்டர் இழுக்கிறது. இன்ஜினும் ஜிபிஎஸ்ஸும் உள்ள படகில், சொன்னதைச் சட்டென்று புரிந்துகொள்ளாதவனை ஏற்ற எந்த ஓட்டிக்கும் மனம் வராது. அதில் தப்பும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் ஒரு கதவைத் திறந்த அதே காலத்தில் கரை தன் கதவைச் சாத்திக்கொண்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் முப்பதைத் தாண்டிய அப்படியொருவர் இருக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்வது அண்ணி. அம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. அவர் மீன் கூடையையே இறக்கி வைத்துவிட்டார். அண்ணியின் செல்போனில் வரிசையாகப் படங்கள் இருக்கின்றன: பிரஷ், வாளி, சட்டை, இட்லித் தட்டு, மீன் ஏலம் போடும் இடம். ஒவ்வொன்றும் முடிந்ததும் அடுத்த படத்தைக் காட்டுவார். கேள்வி கேட்டால் உடனே மறுபடி கேட்கமாட்டார். பதில் வர நேரமாகும். அதுவரை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பார். "ரெண்டு தடவை கேட்டா அவருக்கு அது ரெண்டு கேள்விங்க" என்றார் என்னிடம். எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போகாதவர் சொன்னது இது.

ஒரு தடவை கொழுந்தன் சுவரில் தலையை முட்ட ஆரம்பித்துவிட்டார். மந்திரிக்கலாம் என்றது தெரு. அண்ணி இரண்டு நாள் கவனித்திருக்கிறார். சாப்பாட்டை ஒரு பக்கமாகவே மெல்கிறார், சூடான டீயைத் தள்ளிவிடுகிறார். பல் டாக்டரிடம் கூட்டிப்போனதில் கடைவாய்ப் பல் சொத்தை. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவரின் வலியைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் பெரிய பகுதி. குளிப்பாட்டுவதும் சோறு ஊட்டுவதும் அதற்குப் பிறகுதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 61 நாள். அண்ணன் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பார், நேரம் தவறிச் சாப்பாடு நடக்கும், ஏலம் களையிழந்துவிடும். பழகிய நாள் கலைந்தால் இவர் நிலைகொள்ளமாட்டார். அதனால் ஏப்ரல் பிறந்ததுமே அண்ணி படங்களை மாற்றி வைத்துப் பழக்க ஆரம்பிக்கிறார். ஆடியில் இன்னொரு சோதனை. வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேருக்குப் பிரெஞ்சுக் கவர்னர் வடம் பிடித்த வழக்கம் துணைநிலை ஆளுநர் வரை தொடர்கிறது; புதுச்சேரியே திரண்டு வரும். மேளம், வெடி, நெரிசல். முன்பெல்லாம் இப்படிப்பட்டவர்களை அன்றைக்கு உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். இப்போது இவர் காதை மூடும் ஹெட்போனோடு மாடியில் நின்று தேர் பார்க்கிறார். வெடிச் சத்தம் கூடினால் உள்ளே போய்விடலாம், கதவு திறந்தே இருக்கும்.

அண்ணி செய்வதற்கு வேறு நாடுகளில் பதவிப் பெயரும் சம்பளமும் உண்டு. பிரிட்டனில் 'சப்போர்ட் ஒர்க்கர்' என்பார்கள். அங்கேயும் ஒரு காலத்தில் இப்படிப்பட்டவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிகளில் அடைத்துத்தான் வைத்திருந்தார்கள். கார்டிஃப் நகரின் ஈலி ஆஸ்பத்திரியில் நடந்த கொடுமைகள் 1969 அறிக்கையில் வெளியானபிறகு, ஊருக்குள் சாதாரண வீடுகளில் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் முறை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. 2022-இல் இந்த வகை வேலைகளுக்கு அந்த நாடு விசாவைத் திறந்துவிட்டபோது நம் பக்கத்திலிருந்தும் புறப்பட்டவர்கள் உண்டு. 2025-இல் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். அந்நிய ஊரில் அந்நியரைப் பார்த்துக்கொண்டால் வேலை, சொந்த ஊரில் கொழுந்தனைப் பார்த்துக்கொண்டால் கடமை. இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவேயில்லை.

நம் 2016 சட்டத்திலும் வழி இருக்கிறது. அதிக ஆதரவு தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் படி கொடுக்கலாம் என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டார் பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு: பதினெட்டு முடிந்துவிட்டால் பெற்ற தாய்கூடத் தானாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிடமாட்டார். தேசிய அறக்கட்டளையின் கீழ், கலெக்டர் தலைமையில் இயங்கும் உள்ளூர்க் குழுவிடம் மனு போட்டு நியமனம் வாங்க வேண்டும். பேங்கில் கையெழுத்துத் தகராறு வரும்போதுதான் பலர் இதற்கு அலைகிறார்கள்.

அண்ணியிடம் பராமரிப்பாளர் படியைப் பற்றிச் சொன்னேன். எவ்வளவு தருவார்கள் என்று அவர் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் கொழுந்தனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் அனுப்புவார்களா என்று கேட்டார். அவருடைய அப்பா நல்லவாட்டில் இருக்கிறார். அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டுமாம்.