காய்ச்சல் நாளில் கூலி உண்டா?



விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் நம் பங்கு மக்கள் பலர் அன்றாடக் கூலியில் வாழ்பவர்கள். காய்ச்சல் வந்தால், "ஓய்வெடுங்கள்" என்கிறோம். ஓய்வெடுத்தால் அடுப்பு எரியாதே என்று பலர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். நோயுற்ற நாளுக்கும் ஊதியம் உண்டா?

ஜெர்மனியில் நோயுற்ற தொழிலாளிக்கு 6 வாரங்கள் வரை முதலாளியே முழுச் சம்பளம் தருகிறார். விடுப்பு 3 நாட்களைத் தாண்டினால்தான் பொதுவாக மருத்துவச் சான்று தேவை. பிரிட்டனில் முதல் 7 நாட்களுக்குத் தொழிலாளி தாமே எழுதிக் கொடுத்தால் போதும். நம் பிள்ளைகள் பலர் வேலை செய்யும் சிங்கப்பூரில், 6 மாதம் பணி முடித்தவருக்கு ஆண்டுக்கு 14 நாட்கள் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் சேர்ந்தால் மொத்தம் 60 நாட்கள். ஆனால் சான்று அவசியம்.

நம் நாட்டில் 1948-இல் சட்டமான இ.எஸ்.ஐ. திட்டம் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை, ஆலை, தனியார் மருத்துவமனை போன்ற இடங்களில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுவோர் இதில் சேர வேண்டும். சம்பளத்தில் 0.75 விழுக்காடு பிடிப்பார்கள், முதலாளி 3.25 விழுக்காடு கட்டுவார். உரிய நாட்கள் சந்தா கட்டியவர் நோயுற்றால், இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றைக் காட்டி, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை 70 விழுக்காடு சம்பளம் பெறலாம். பொதுவாக முதல் 2 நாட்களுக்குக் கிடைக்காது. சம்பளத்தில் பிடித்தம் இருந்தும் இந்த உரிமையை அறியாத நம் சகோதர சகோதரிகள் எத்தனை பேர்!

கரும்பு வெட்டுவோர், செங்கல் சூளையில் உழைப்போர், சித்தாள்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஆகியோருக்கோ பெரும்பாலும் இந்தப் பாதுகாப்பும் எட்டுவதில்லை. அவர்களிடம் சான்று கேட்க ஆளில்லை. சம்பளம் கொடுக்கவும் ஆளில்லை.

திராட்சைத் தோட்ட உவமையில், மாலையில் வந்தவருக்கும் உரிமையாளர் ஒரு நாள் கூலியை முழுமையாகக் கொடுத்தார் (மத்தேயு 20). அவர் உழைத்த மணிகளை எண்ணவில்லை. வீட்டில் காத்திருக்கும் பசியை எண்ணினார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் எழுதிய உழைப்பு பற்றிய திருமடலும் ஓய்வையும் மருத்துவத்தையும் உழைப்பாளரின் உரிமையாகவே காண்கிறது.

நம் வீட்டில் வேலை செய்யும் அம்மா நோயுற்று இரண்டு நாள் வராவிட்டால், நாம் சம்பளத்தைப் பிடிக்கிறோமா? சட்டம் நம்மைக் கேட்காது. ஆண்டவர் கேட்பார். இந்த மாதம் முதல் அந்த இரண்டு நாள் கூலியைப் பிடிக்காமல் கொடுப்போம். நம் அன்பியக் கூட்டங்களில் இ.எஸ்.ஐ. உரிமையை எடுத்துச் சொல்வோம்.

நோயுற்றோரைத் தொட்டுக் குணமாக்கிய இயேசு நம் இதயங்களையும் தொடுவாராக! ஆமென்.