ஒரு துளிச் சாற்றில் இனிப்பும் புளிப்பும்

எலுமிச்சம்பழச் சாற்றையும் சுமாரான ஒரு தர்பூசணியின் சாற்றையும் பிரிக்ஸ் மீட்டரில் தனித்தனியே விட்டுப் பார்த்தால், இரண்டுக்குமே எட்டை ஒட்டிய எண் வரக்கூடும். ஒன்று பல்லைக் கூச வைப்பது, மற்றது இனிப்பது. கருவியில் கோளாறு எதுவும் இல்லை. சாற்றில் கரைந்திருக்கும் பொருள் மொத்தம் எவ்வளவு என்பதைத்தான் அது காட்டுகிறது. கரைந்திருப்பது சர்க்கரையா அமிலமா என்று அதற்குத் தெரியாது. எலுமிச்சையில் அந்த எட்டில் பெரும்பங்கு சிட்ரிக் அமிலம். தர்பூசணியில் ஏறக்குறைய எல்லாமே சர்க்கரை.

தோட்டத்துக்கே எடுத்துச் செல்லக்கூடிய பழ ஆய்வுக் கருவிகளைப் பற்றி முதலில் மனத்தில் பதிய வேண்டியது இதுதான்: பழத்தின் ருசி ஒரே எண்ணில் அடங்காது. சர்க்கரைக்கு ஒன்று, புளிப்புக்கு ஒன்று என இரண்டு எண்கள் வேண்டும்.

ஏன் மரத்தடியிலேயே அளக்க வேண்டும்?

மாங்காயிலும் வாழைக்காயிலும் மாவுச்சத்து சேர்ந்திருக்கிறது. பறித்த பிறகு அது சர்க்கரையாக மாறுவதால் அவை பழுத்து இனிக்கின்றன. திராட்சை, ஆரஞ்சு, அன்னாசி ஆகியவற்றில் அப்படிப்பட்ட சேமிப்பு இல்லை. கொடியிலிருந்து குலையை வெட்டியதும் திராட்சைக்கு இலைகளிலிருந்து வந்துகொண்டிருந்த சர்க்கரை நின்றுவிடுகிறது. எத்தனை நாள் வைத்திருந்தாலும் அது மேலும் இனிக்காது.

நிறத்தை வைத்து முடிவு செய்வதிலும் சிக்கல் உண்டு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை போன்ற கருந்திராட்சை வகைகளில், தோல் கறுக்கத் தொடங்கிய பிறகும் சர்க்கரை ஏறிக்கொண்டும் அமிலம் இறங்கிக்கொண்டும் இருக்கும். நிறம் வந்துவிட்டதே என்று அவசரப்பட்டு வெட்டினால் அந்தப் புளிப்பு அப்படியே சந்தைக்கு வரும். வெட்டுவதற்கு முன் அளப்பதால் மட்டுமே இதைத் தவிர்க்க முடியும்.

ஒளி வளைவதில் தெரியும் சர்க்கரை

காற்றிலிருந்து தண்ணீருக்குள் சாய்வாகப் புகும் ஒளி திசை மாறுகிறது. தண்ணீரில் சர்க்கரை கரைந்திருந்தால் இன்னும் அதிகமாக மாறுகிறது. 20 டிகிரி செல்சியஸில் தூய நீரின் ஒளிவிலகல் எண் 1.333. நூறு கிராம் கரைசலில் 10 கிராம் சர்க்கரை இருந்தால் அது 1.348 ஆகிறது, 20 கிராம் இருந்தால் 1.364. இந்தச் சிறு வேறுபாட்டைப் படித்துச் சொல்லும் கருவியே ரிஃப்ராக்டோமீட்டர், அதாவது ஒளிவிலகல்மானி. தொடக்கத்தில் சொன்ன பிரிக்ஸ் மீட்டர் இதுவே. ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் அபே வடிவமைத்து, 1874-இல் விவரித்து எழுதிய ஆய்வகக் கருவி இதன் முன்னோடி. பிரிக்ஸ் என்ற அளவு அதற்கும் முந்தியது. அடால்ஃப் பிரிக்ஸ் (1798–1870) என்ற ஜெர்மானியரின் பெயரால் வழங்குவது. நூறு கிராம் கரைசலில் ஒரு கிராம் சர்க்கரை இருந்தால் அது ஒரு டிகிரி பிரிக்ஸ்.

கையடக்க வடிவம் ஒரு சாண் நீளக் குழாய். அதன் முனையில் சாய்வான கண்ணாடிப் பட்டகம் இருக்கும். அதன்மேல் இரண்டு மூன்று துளிச் சாறு விட்டு, மூடியைச் சாத்தி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால் மேலே நீலமும் கீழே வெள்ளையும் தெரியும். இரண்டுக்கும் நடுவே தெரிவது, ஒரு குறிப்பிட்ட கோணத்துக்கு அப்பால் சாற்றின் வழியே ஒளி வர முடியாததால் உண்டாகும் எல்லைக்கோடு. சர்க்கரை கூடக் கூட அந்தக் கோடு மேலே ஏறும். டிஜிட்டல் மீட்டரிலும் நடப்பது இதுவே. உள்ளிருக்கும் விளக்கு ஒளி தருகிறது. கண்ணுக்குப் பதிலாக ஓர் உணரி எல்லைக்கோட்டைப் படித்து, சில விநாடிகளில் எண்ணாகக் காட்டுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது வெப்பம். 20 டிகிரிக்கு அளவு குறித்த சாதாரணக் கருவியை 30 டிகிரி வெப்பத்தில் அப்படியே பயன்படுத்தினால், ஏறத்தாழ முக்கால் பிரிக்ஸ் குறைத்துக் காட்டும். வெப்பத்துக்கேற்பத் தானே திருத்திக்கொள்ளும் மாதிரிகளிலும் பலவற்றுக்கு 10 முதல் 30 டிகிரி வரையே வரம்பு. நம் ஊர்ச் சித்திரை மாத நண்பகல் அந்த வரம்பை எளிதாகத் தாண்டிவிடும். ஆகவே காலையிலேயே நிழலில் வைத்து அளப்பது நல்லது. வாலை வடிநீரை விட்டுப் பூஜ்யம் காட்டுகிறதா என்று முதலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

புளிப்பை அளக்கும் வழி

அமிலத்தை அளக்கும் பழைய, நம்பகமான முறை பள்ளி வேதியியல் கூடத்தில் பார்த்ததுதான். சாற்றில் ஃபினாப்தலீன் சில துளி விட்டு, பியூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடை மெல்லச் சேர்த்து, இளஞ்சிவப்பு நிறம் நிலைக்கும்போது நிறுத்த வேண்டும். செலவான காரத்தின் அளவிலிருந்து அமிலத்தின் சதவீதம் கிடைக்கும். கருந்திராட்சை, நாவல் போன்ற நிறமுள்ள சாறுகளில் இந்த நிறமாற்றம் தெரியாது. அங்கே பிஎச் மீட்டரை வைத்து 8.2 வந்ததும் நிறுத்துவார்கள். பிஎச் அளவை மட்டும் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. சாற்றில் மொத்தம் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பதைப் பிஎச் சொல்வதில்லை. நாக்கு உணரும் புளிப்போ பெரும்பாலும் அந்த மொத்த அளவைச் சார்ந்தது.

பியூரெட்டைத் தோப்புக்குள் கொண்டுபோவது கடினம். அதற்கு மாற்றாக வந்தவை உள்ளங்கையில் அடங்கும் அமில மீட்டர்கள். ஜப்பானின் அடாகோ நிறுவனம் செய்யும் கருவிகள் இவற்றில் பரவலாக அறியப்பட்டவை. முதலில் சாற்றை அப்படியே விட்டுப் பிரிக்ஸ் பார்க்க வேண்டும். பிறகு ஒரு கிராம் சாற்றைத் தண்ணீர் சேர்த்து ஐம்பது கிராமாக்கி விட்டால், அந்தக் கரைசல் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதிலிருந்து அமில அளவைக் கணிக்கும். கடத்தும் திறனுக்கும் அமிலத்துக்கும் உள்ள தொடர்பு பழத்துக்குப் பழம் மாறும். திராட்சையில் டார்ட்டாரிக், ஆரஞ்சில் சிட்ரிக், ஆப்பிளில் மாலிக் அமிலம் மிகுந்திருக்கிறது. தாது உப்புகளின் அளவும் வேறுபடுகிறது. ஆகவே ஆரஞ்சுக்கென்று அமைத்த மீட்டரில் திராட்சையை அளப்பது தவறு.

இரண்டு எண்களையும் சேர்த்துப் படிப்பது

பிரிக்ஸை அமிலத்தால் வகுப்பது வழக்கமான முறை. 12 பிரிக்ஸும் 0.8 சதவீத அமிலமும் உள்ள ஆரஞ்சுக்கு விகிதம் 15. அதே 12 பிரிக்ஸுடன் 1.5 சதவீத அமிலம் இருந்தால் விகிதம் 8 தான், பழம் நன்றாகவே புளிக்கும். ஆனால் 6 பிரிக்ஸும் 0.4 சதவீத அமிலமும் உள்ள சப்பென்ற பழத்துக்கும் விகிதம் 15 வந்துவிடும்! இந்தக் குறையைத் தீர்க்கவே கலிஃபோர்னியாவில் நேவல் ஆரஞ்சுக்கு 2012-இல் புதிய அளவுகோல் கொண்டுவந்தார்கள். அமிலத்தை நான்கால் பெருக்கிப் பிரிக்ஸிலிருந்து கழித்து, மீதியை 16.5-ஆல் பெருக்குவது அது. குறைந்தது 90 வர வேண்டும். விகிதத்தில் சமமாக நின்ற முதல் பழமும் கடைசிப் பழமும் இதில் முறையே 145, 73 என்று பிரிந்துவிடுகின்றன. சப்பென்ற பழம் தேறவில்லை.

எந்தக் கணக்கானாலும் துளியை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே அதற்கு மதிப்பு. தர்பூசணியின் நடுப்பகுதி தோலோரத்தைவிட இனிப்பு. அன்னாசியில் அடிப்பகுதி கொண்டைப்பகுதியைவிட இனிப்பு. திராட்சைக் குலையின் தோளிலும் நுனியிலும் உள்ள பழங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே பல கொடிகளில், குலையின் வெவ்வேறு இடங்களில் பழம் எடுத்து, மொத்தமாகப் பிழிந்து, அந்தச் சாற்றை அளக்க வேண்டும்.

வெட்டாமலே அளப்பது

பழத்தைப் பிழியாமல் அளக்கும் கருவிகளும் உண்டு. இவை அகச்சிவப்புக்கு அண்மையில் உள்ள ஒளியைப் பழத்துக்குள் செலுத்தி, திரும்பி வருவதில் எந்த அலைநீளங்கள் குறைந்திருக்கின்றன என்று பார்க்கின்றன. அமெரிக்க வேளாண் துறையில் கார்ல் நாரிஸ் வளர்த்தெடுத்த நுட்பம் இது. ஆஸ்திரேலிய மாந்தோப்புகளில் கையில் ஏந்தும் இத்தகைய கருவியைக் காயின்மேல் வைத்து உலர்பொருள், அதாவது நீர் நீங்கலாக எஞ்சும் பொருளின் அளவைக் கணிக்கிறார்கள். பச்சை மாங்காயில் சர்க்கரையைத் தேடிப் பயனில்லை. மாவுச்சத்து போதிய அளவு சேர்ந்திருந்தால்தான் பிறகு பழுத்து இனிக்கும். உலர்பொருள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு ரகத்துக்கும் நிறையப் பழங்களை வெட்டி அளந்து இந்தக் கருவியைப் பழக்க வேண்டியிருப்பதால், பழைய முறைகளின் தேவை இன்னும் தீரவில்லை.

யார் கையில் இருக்க வேண்டும்?

தமிழ்நாட்டில் கரும்பு விவசாயிகளுக்குப் பிரிக்ஸ் புதிதல்ல. கரும்பின் நுனியிலும் அடியிலும் சாறு எடுத்துக் கை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்ப்பார்கள். அளவு 18-ஐத் தொட்டு, இரண்டு இடத்து எண்களும் ஏறக்குறைய சமமானால் வெட்டலாம் என்பது அறுவடைக் கணக்கு. அதே பழக்கம் திராட்சைத் தோட்டத்துக்கும் ஆரஞ்சுத் தோப்புக்கும் வர வேண்டும் என்பது என் விருப்பம். சாதாரண ரிஃப்ராக்டோமீட்டர் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. அமில மீட்டர் விலை கூடியது என்றாலும் ஒரு விவசாயிகள் குழு சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். விலை பேச வருபவரிடம் மட்டும் கருவி இருந்தால், அவர் சொல்வதே தரம். விளைவித்தவர் வாரம் ஒருமுறை இரண்டு எண்களையும் நோட்டில் குறித்து வந்தால், என்றைக்கு வெட்டுவது, என்ன விலை கேட்பது என்ற இரண்டையும் அவரே முடிவு செய்யலாம்.