சிசேரியன் காயமும் தோல் மருந்தும்

சென்ற ஆண்டு என் தமக்கைக்குச் சிசேரியன் முறையில் குழந்தை பிறந்தது. எட்டாம் நாள் தையலருகே சீழ் கட்டிற்று. பார்க்க வந்த உறவினர் அனைவரும் ஒரே தீர்ப்பு வழங்கினர்: "பத்தியம் தவறிவிட்டாள்!" ஒரு வேளை தயிர்ச் சோறு உண்டதுதான் குற்றமாம். அவளும் அதை நம்பி அழுதாள். வேதியியல் பயிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. தேடிப் படித்ததை நம் சங்கத்து நண்பர்களுக்கும் சொல்கிறேன்.

இச்சீழுக்குக் காரணம் சோறன்று, நுண்ணுயிர். அதுவும் பெரும்பாலும் வெளியாரல்லர். நம் தோலிலும் பிறப்பு வழியிலும் குடியிருப்பவைதாம். ஸ்டாபிலோகாக்கஸ் தோலின்மேல் இருக்கும்வரை பெரும்பாலும் வாளாவிருக்கும். கத்தி வழி திறந்தால் உள்ளே புகும். ஆதலின் கீறுமுன் தோலை மருந்தால் துடைக்கின்றனர். நுண்ணுயிரை அடியோடு ஒழிக்க இயலாது. தொகையைக் குறைக்கலாம், அவ்வளவே.

மருந்துகளில் முதன்மையானவை இரண்டு. செம்பழுப்பு நிறப் போவிடோன் அயோடினை எல்லோரும் கண்டிருப்போம். அது நுண்ணுயிரின் புரதத்தைச் சிதைக்கும். ஆனால் இரத்தம் கலந்தால் வலிமை குன்றும். குளோர்ஹெக்சிடின் மூலக்கூறோ நேர்மின்னேற்றம் உடையது. நுண்ணுயிரின் மேற்புறம் எதிர்மின்னேற்றம் கொண்டது. பிறகு கேட்பானேன்? ஒட்டிக்கொண்டு உறையைக் குலைத்துவிடும். தோலிலும் ஒட்டிநின்று பல மணி நேரம் காவல் புரியும். ஆல்கஹால் விரைந்து கொல்லும், விரைந்தே ஆவியாகும். எனவேதான் இரண்டையும் கலக்கின்றனர்.

2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சிசேரியன் செய்துகொண்ட 1147 தாய்மார் இரு பிரிவாக்கப்பட்டனர். இரு மருந்துமே ஆல்கஹாலில் கலந்தவை. குளோர்ஹெக்சிடின் பிரிவில் நூற்றுக்கு 4 பேருக்கும், அயோடின் பிரிவில் 7.3 பேருக்கும் காயத்தில் தொற்று உண்டாயிற்று. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் அறுவை சிகிச்சைகளுக்கு ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினையே பரிந்துரைத்தது. ஆனால் இந்தியா உள்ளிட்ட 7 நாடுகளில் வயிற்று அறுவைகளில் நடந்து 2021-இல் வெளியான பெரிய ஆய்வு, அதற்கும் நீரில் கரைத்த மலிவான அயோடினுக்கும் வேறுபாடு காணவில்லை. ஆகவே அயோடின் தடவிய மருத்துவமனையைக் குறை கூறுதல் நியாயமாகாது.

எதைத் தடவினாலும் ஒன்று முக்கியம்: உலர விடவேண்டும். ஆல்கஹால் ஈரமாக இருக்கையில் மின்கருவியால் சுட்டால் தீப்பற்றும். கீறுமுன் ஒரு மணி நேரத்துக்குள் நோய்க்கிருமி எதிர்ப்பு ஊசியும் போடவேண்டும்.

தமக்கையிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். காயம் ஆறிவிட்டது, தயிரைத்தான் அவள் இன்னும் தொடவில்லை.