காலுக்கேற்ற காப்பு

பாளையங்கோட்டைப் பள்ளி மைதானங்களிலும் தாமிரபரணிக் கரையோர ஊர்த் திடல்களிலும் கால்பந்து ஆடும் பிள்ளைகளின் பெற்றோர், ‘ஷின் கார்டு வாங்கித்தான் ஆக வேண்டுமா?’ என்று எங்களிடம் கேட்பதுண்டு. வாங்கத்தான் வேண்டும். கணைக்காலின் முன்புறத்தைத் தடவிப் பாருங்கள். பின்புறம் கெண்டைத் தசை இருப்பதுபோல் அங்கே மெத்தை ஏதுமில்லை. தோலுக்கு அடியிலேயே எலும்பு. ஆகவேதான் சிறிய உதையும் உயிர்போகும் வலியைத் தருகிறது. எலும்பு முறிந்தால் அது தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவருவதும் இங்கே எளிது.

1874இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணி வீரர் சாம் விடோசன், கிரிக்கெட் பேடை வெட்டிச் சிறிதாக்கிக் கால்பந்துக்குக் கட்டிக்கொண்டார். 1990 முதல் ஆட்ட விதிகளே இக்காப்பைக் கட்டாயமாக்கின. அதன் அளவும் தகுதியும் ஆடுபவரின் பொறுப்பு என்று 2024இல் விதியில் தெளிவுபடுத்தப்பட்டது. புகழ்பெற்ற வீரர்கள் சிலர் உள்ளங்கையளவுத் துண்டுகளைச் செருகிக்கொண்டு ஆடுவதைத் தொலைக்காட்சியில் காணும் சிறுவர்கள் அதையே கேட்கின்றனர். அதற்கு இணங்க வேண்டாம்.

விலையைவிட அளவே முக்கியம். முழங்கால் சில்லுக்குக் கீழே இரண்டு விரல் அளவு இடம் விட்டுத் தொடங்கி, கணுக்கால் வளைவுக்குச் சற்று மேலே முடிய வேண்டும். அண்ணனின் பழைய காப்பு தம்பிக்குப் பெரிதாக இருந்தால் ஓடும்போது நழுவித் திரும்பிவிடும். உதை விழும் நேரத்தில் எலும்பு வெறுமையாக நிற்கும். வளரும் பிள்ளைக்கு ஆண்டுதோறும் அளவு பார்ப்பது நல்லது. ஓடு விரிசல் கண்டால் மாற்றிவிடுங்கள்.

கணுக்கால் பட்டையுடன் கூடிய காப்பு சிறுவர்களுக்கு ஏற்றது. அதை முதலில் அணிந்து, மேலே நீண்ட காலுறையை இழுத்துவிட்டு, கடைசியாக பூட்ஸ் அணிய வேண்டும். பட்டை கெண்டைத் தசையை இறுக்கினால் பாதம் மரத்துப்போகும்; தளர்த்துங்கள். நம் ஊர் வெயிலில் வியர்வை ஊறிய காப்பு தோலில் கொப்புளத்தையும் படையையும் உண்டாக்கும். ஆட்டம் முடிந்ததும் சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள்.

அடியின் விசையைப் பரப்பித் தணிப்பதே காப்பின் வேலை. கணுக்கால் சுளுக்கையோ முழங்கால் தசைநார்க் கிழிவையோ அது தடுக்காது. வலுவான மோதலில் எலும்பு முறியவும் கூடும். இன்னும் அஞ்ச வேண்டியது வேறொன்று. அடிபட்ட சில மணி நேரத்தில் கணைக்கால் கல்போல் இறுகி, வலி கூடிக்கொண்டே போய், கால்விரலை அசைத்துவிட்டாலே பையன் அலறினால், தசையறைக்குள் அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று பொருள். எலும்பு முறியாவிட்டாலும் இது நேரலாம். தாமதித்தால் தசை மடிந்துவிடும்.

அந்நேரத்தில் எண்ணெய் தேய்த்து நீவுவதும் இறுக்கிக் கட்டுப் போடுவதும் காலையே பறிக்கக்கூடும். ஏற்கெனவே கட்டு இருந்தால் தளர்த்துங்கள். முறிவு என்று ஐயமிருந்தால், முழங்காலும் கணுக்காலும் அசையாதபடி இருபுறமும் அட்டையோ பலகையோ வைத்துத் தளர்வாகக் கட்டி, 108ஐ அழையுங்கள். உடனே அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வழியில் காபியோ இளநீரோ கொடுக்க வேண்டாம்.