உங்களுக்குத் தெரியுமா? தலையைத் துளைத்த இரும்புக் கோல்

1848 செப்டம்பர் 13. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில், ரயில் பாதைக்காகப் பாறை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி பினியஸ் கேஜுக்கு வயது 25. துளையில் கெட்டித்துக்கொண்டிருந்த வெடிமருந்து சட்டென்று வெடிக்க, கையிலிருந்த இரும்புக் கோல் இடது கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியே பாய்ந்து வெளியே போய் விழுந்தது. நீளம் ஒரு மீட்டருக்கும் மேல். எடை 6 கிலோ. சில நிமிடங்களில் கேஜ் பேசினார். மாட்டு வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே ஊர் திரும்பினார்!

காயம் ஆறியது. குணம்தான் மாறிப்போனது. பொறுப்பும் நிதானமும் உள்ளவர் என்று பேர் வாங்கியவர், எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுந்தார், வாய்க்கு வந்தபடி திட்டினார், போட்ட திட்டத்தைப் பாதியில் கைவிட்டார் என்று சிகிச்சை அளித்த டாக்டர் ஜான் ஹார்லோ எழுதிவைத்தார். பழைய வேலை கிடைக்கவில்லை.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகின்றன. அது பாதிக் கதை. பின்னாளில் கேஜ் சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் பயணிகள் குதிரை வண்டி ஓட்டினார். புத்தி நிலைகுலைந்தவர் செய்யக்கூடிய வேலையா அது? தினமும் ஒரே ஒழுங்கில் நடக்கும் வேலை அவரைத் தேற்றியிருக்கலாம் என்கிறார்கள் சில ஆய்வாளர்கள்.

1860இல், விபத்து நடந்து 11 ஆண்டுகளுக்குப் பிறகு, அடுத்தடுத்து வந்த வலிப்பில் சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் இறந்தார். பலத்த தலைக்காயத்துக்குப் பின், வலிப்பு இப்படிப் பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம். அவரது மண்டையோடும் அந்தக் கோலும் இன்று ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் சேகரிப்பில் உள்ளன.