ஒரு தந்தியில் மூன்று சுரம்

லீட் கிட்டார் பழகுகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் குடியேறும் இடம் ஐந்தாவது ஃபிரெட். ஏ மைனர் பெண்டாடானிக் ஸ்கேலின் முதல் பாக்ஸ் அங்கேதான் இருக்கிறது. ஒரு தந்திக்கு இரண்டே சுரம். நான்கு ஃபிரெட்டுக்குள் எல்லாம் அடக்கம். விரலை எங்கும் எட்டிப் போட வேண்டியதில்லை. லெட் செப்பலின் 1971-இல் வெளியிட்ட ‘ஸ்டெயர்வே டு ஹெவன்’ பாட்டில் ஜிம்மி பேஜின் சோலோ தொடங்குவதும் இந்த இடத்தில்தான். ஆகவே பாக்ஸைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஓரிரு வருடம் அதிலேயே இருந்துவிட்டால், அடுத்து என்ன வரப்போகிறது என்பது வாசிப்பவருக்கும் தெரிந்துவிடும், கேட்பவருக்கும் தெரிந்துவிடும். அந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

விரித்த பெண்டாடானிக் என்பது பக்கத்துப் பக்கத்து இரண்டு பாக்ஸ்களை ஒன்றாக்கி, ஒரு தந்திக்கு மூன்று சுரமாக வாசிப்பது. இதைப் படமாக மனப்பாடம் செய்யச் சொல்லித்தருவது வழக்கம். பதினெட்டு புள்ளிகள் போட்ட ஒரு படம், அதைப்போல ஐந்து படங்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முழுவதையும் மூன்றே மூன்று கை வடிவங்களாகச் சுருக்கிவிடலாம். அது எப்படி என்று தெரிய ஒரே ஒரு தந்தியில் தொடங்க வேண்டும்.

முதல் தந்தியை, அதாவது மெல்லிய தந்தியை, எடுத்துக்கொள்ளுங்கள். ஈ மைனர் பெண்டாடானிக்கை அதில் நீளவாக்கில் வாசியுங்கள்: திறந்த தந்தி, 3, 5, 7, 10, 12. சுரங்கள் ஈ, ஜி, ஏ, பி, டி, மறுபடி ஈ. சுருதிப் பெட்டியோ கைப்பேசித் தம்புராவோ இருந்தால் மூன்று கட்டையில் வைத்துக்கொண்டு, வாயால் பாடிக்கொண்டே வாசியுங்கள். ச க ம ப நி என்று வரும். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது சுத்த தன்யாசியின் சுரங்கள் என்று உடனே பிடிபடும். கமகம் இல்லாமல் அது ராகமாகாது என்பது வேறு விஷயம். சுர ஸ்தானங்கள் அவையேதான். இதே ஐந்தை ஜியிலிருந்து தொடங்கினால் மோகனம், ஏயிலிருந்து மத்யமாவதி, பியிலிருந்து இந்தோளம், டியிலிருந்து சுத்த சாவேரி. கிட்டார் புத்தகங்கள் ஐந்து பாக்ஸ் என்று பிரித்துக் காட்டுவதை நம்மவர்கள் கிரக பேதம் என்று காதால் அறிந்திருக்கிறார்கள். அந்தக் காது உங்களுக்கு இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இப்போது சுரங்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள்: 3, 2, 2, 3, 2 ஃபிரெட்டுகள். இதில் அடுத்தடுத்த எந்த மூன்று சுரத்தை எடுத்தாலும் கை மூன்று விதமாகத்தான் விரியும். மூன்று ஃபிரெட் தாண்டி இரண்டு, இரண்டு தாண்டி மூன்று, இரண்டு தாண்டி இரண்டு. நான்காவது விதம் கிடையாது. இந்த மூன்றையும் ‘மூன்று-இரண்டு’, ‘இரண்டு-மூன்று’, ‘இரண்டு-இரண்டு’ என்று பெயர் சொல்லியே பழகலாம்.

எந்த இடத்தில் பழகுவது? இங்கேதான் பலர் கையை நோகடித்துக்கொள்கிறார்கள். ஏ மைனர் பழக்கமான ஸ்கேல் என்பதால் அதிலேயே விரிக்கத் தொடங்குகிறார்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை கிட்டாரில் தந்தியின் நீளம் 648 மில்லிமீட்டர். ஐந்தாவது ஃபிரெட்டிலிருந்து பத்தாவது ஃபிரெட் வரை 12 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும். அதே ஐந்து ஃபிரெட் தூரம் பன்னிரண்டிலிருந்து பதினேழு வரை என்றால் 8 சென்டிமீட்டர்தான். நான்கு சென்டிமீட்டர் என்பது சுண்டுவிரலுக்குப் பெரிய சமாச்சாரம். எனவே பன்னிரண்டாவது ஃபிரெட்டில், ஈ மைனரில் தொடங்குங்கள். எலக்ட்ரிக் கிட்டார் என்றால் கை தாராளமாகப் போகும். கட்அவே இல்லாத அகூஸ்டிக்கில் உடம்பு மரம் குறுக்கே நிற்கும், அதில் இதைப் பழக வேண்டாம்.

ஆறாவது தந்தியிலிருந்து முதல் தந்தி வரை ஃபிரெட்டுகள் இவை:

ஆறாவது தந்தி: 12, 15, 17
ஐந்தாவது: 12, 14, 17
நான்காவது: 12, 14, 17
மூன்றாவது: 12, 14, 16
இரண்டாவது: 12, 15, 17
முதல் தந்தி: 12, 15, 17

எல்லாத் தந்தியிலும் ஆள்காட்டி விரல் பன்னிரண்டிலேயே நிற்கிறது. ஆறாவது, இரண்டாவது, முதல் தந்திகளில் மூன்று-இரண்டு. ஐந்திலும் நான்கிலும் இரண்டு-மூன்று. மூன்றாவதில் மட்டும் இரண்டு-இரண்டு. விரல் வரிசையை எங்கும் ஆள்காட்டி, நடு, சுண்டு என்றே வைத்துக்கொள்ளச் சொல்வேன். மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே அகலம் எளிதில் கிடைக்காது. ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் இடையே கிடைக்கும். சின்னக் கை உள்ளவர்கள் மூன்று-இரண்டு வடிவத்தில் நடுவிரலுக்குப் பதில் மோதிர விரலைப் போட்டுப் பார்க்கலாம், தவறில்லை.

கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். பாக்ஸில் வாசிக்கும்போது அது கழுத்தின் மேல்விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்க்கும். விரிக்கும்போது அது கழுத்தின் பின்புறம் நடுவே, நடுவிரலுக்கு நேராக இறங்கிவிட வேண்டும். கட்டைவிரல் இறங்கினால்தான் உள்ளங்கை கழுத்தைவிட்டு விலகும், விரல்கள் விரியும். கிட்டாரை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு வாசிப்பது பார்க்க நன்றாக இருக்கும், விரிப்புக்கு ஆகாது. பட்டையைச் சுருக்கி மேலே ஏற்றுங்கள், அல்லது உட்கார்ந்து இடது தொடையில் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டிலோ முன்கையிலோ சுருக்கென்று வலித்தால் அன்றைக்கு அத்தோடு விட்டுவிட வேண்டும். தசை களைப்பு வேறு, அந்த வலி வேறு.

அடுத்தது ஒலி. ஒரு தந்தியில் முதல் சுரத்தை மட்டும் பிக்கால் தட்டுங்கள். மற்ற இரண்டையும் ஹேமர்-ஆனாக விரலாலேயே எழுப்புங்கள். இறங்கும்போது சுண்டுவிரல் சுரத்தைத் தட்டி, புல்-ஆஃபாக மற்ற இரண்டையும் உதிருங்கள். புல்-ஆஃபுக்கு மூன்று விரலும் முன்கூட்டியே தந்தியில் அமர்ந்திருக்க வேண்டும். விரலை நேராக மேலே தூக்கினால் சத்தமே வராது. லேசாகக் கீழ்ப்பக்கம் சுண்டி எடுக்க வேண்டும். மூன்று சுரமும் ஒரே கனத்தில் கேட்கிறதா என்பதுதான் சோதனை. டிஸ்டார்ஷனை அணைத்துவிட்டுக் கேளுங்கள். டிஸ்டார்ஷன் பலவீனமான சுரத்தையும் தூக்கிக் கொடுத்துவிடும், சுண்டுவிரல் வேலை செய்கிறதா இல்லையா என்று தெரியாது.

எல்லாவற்றையும் பிக்கால் தட்டுவதென்றால் ஒரு மாற்றம் உண்டு. இரண்டு சுரத்தில் ஒவ்வொரு தந்தியும் கீழ்த்தட்டில் தொடங்கும். மூன்று சுரத்தில் கீழ்-மேல்-கீழ் முடிந்ததும் அடுத்த தந்தி மேல்தட்டில் தொடங்கியாக வேண்டும். அல்லது அந்தக் கடைசிக் கீழ்த்தட்டையே அடுத்த தந்திக்கும் தொடர்ந்து இழுத்துவிடலாம். மேலேறும் ஓட்டத்துக்கு இரண்டாவது வழி மிகவும் வழுக்கலாகப் போகும். இரண்டையும் கலக்காமல் ஒன்றைத் தேர்ந்துகொண்டு பழகுங்கள்.

வாசிக்கத் தொடங்கியதும் ஒன்று காதில் விழும். ஒரு தந்தியின் கடைசிச் சுரமும் அடுத்த தந்தியின் முதல் சுரமும் ஒன்றே. ஆறாவது தந்தி பதினேழும் ஐந்தாவது தந்தி பன்னிரண்டும் ஒரே ஏ. இப்படி ஐந்து இடங்களில் வருகிறது. ஆகவே பாக்ஸோடு ஒப்பிட்டால் இந்த விரிப்பில் மேலே கூடுவது ஒரே ஒரு சுரம். அப்படியானால் எதற்கு இத்தனை பாடு? லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே சுரம் கனத்த தந்தியில் இருண்டும் மெல்லிய தந்தியில் வெளிச்சமாகவும் ஒலிக்கும். வேகமாகப் போகும்போது அந்த இரட்டிப்பு ஓர் உருளல் போலக் கேட்கும். அது வேண்டாம் என்றால் ஒரு தந்தியை விட்டு ஒரு தந்திக்குத் தாவுங்கள்: ஆறாவதில் மூன்று, நான்காவதில் மூன்று, இரண்டாவதில் மூன்று. ஈ ஜி ஏ, டி ஈ ஜி, பி டி ஈ. திரும்பச் சொல்லலே இல்லை, இடைவெளிகள் அகலமாகிவிட்டன, பெண்டாடானிக்கின் பழைய வாடையே போய்விடுகிறது. எனக்கு இந்த விரிப்பிலேயே மிகவும் பிடித்தது இதுதான்.

தாளத்துக்கு வருவோம். மெட்ரோனோமை 60-இல் வைத்து, ஒரு அடிக்கு ஒரு தந்தி: தகிட, தகிட. கை சுலபமாக ஒப்புக்கொள்ளும், ஏனென்றால் தந்தி மாறும் இடமும் அடி விழும் இடமும் ஒன்று. அதனாலேயே அதில் தங்கிவிடக் கூடாது. அதே சுரங்களை தகதிமி என்று நான்கு நான்காக எண்ணி வாசியுங்கள். தந்தி மாறும் இடம் அடிக்குள் எங்கெங்கோ போய் விழும். ஏறி இறங்கினால் 36 சுரம். நான்காக எண்ணினால் ஒன்பது அடி. ஆதி தாளத்தின் எட்டைத் தாண்டி ஒன்று மிஞ்சும். மறுசுற்று வேறிடத்தில் தொடங்கும். நாலைந்து சுற்று தடுமாறாமல் போனால் ஸ்கேல் கையைவிட்டு மனசுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் தகதகிட. எரிக் ஜான்சனின் வாசிப்பில் ஐந்து ஐந்தாகக் கொட்டும் பெண்டாடானிக் சுரங்கள் பேர்போனவை. 1990-இல் வந்த அவருடைய ‘கிளிஃப்ஸ் ஆஃப் டோவர்’ கேட்டால் விளங்கும்.

பன்னிரண்டில் தெளிந்த பிறகு கீழே இறங்குங்கள். பத்தாவது ஃபிரெட்டில் டி மைனர், எட்டாவதில் சி மைனர், பிறகு ஐந்தாவதில் ஏ மைனர். சுருதிப் பெட்டியையும் கூடவே இரண்டு கட்டை, ஒரு கட்டை, ஆறு கட்டை என்று மாற்றிக்கொள்ளுங்கள். வடிவம் மாறாது, அகலம் மட்டும் கூடும். ஏ மைனரில் கை நிலைத்தால் கடைசி வேலைக்குத் தயார். ஒரு சுரமும் திரும்பாமல் குறுக்காக ஏறுவது: ஆறாவது தந்தியில் 5, 8, 10, ஐந்தாவதில் 7, 10, 12, நான்காவதில் 10, 12, 14, மூன்றாவதில் 12, 14, 17, இரண்டாவதில் 15, 17, 20, முதல் தந்தியில் 17, 20, 22. பதினெட்டு சுரமும் வேறு வேறு, மூன்று ஸ்தாயியைத் தாண்டிய ஓட்டம். ஆள்காட்டி விரல் மட்டும் 5, 7, 10, 12, 15, 17 என்று படியேறுவதை முதலில் தனியாகப் பழகுங்கள். கை போய் நிற்கும் இடம் சரியாக இருந்தால் மூன்று வடிவங்களில் ஒன்று தானே வந்து உட்காரும். இருபத்தோரு ஃபிரெட் கிட்டார் வைத்திருப்பவர்கள் கடைசி டிக்கு இருபதாவது ஃபிரெட்டைப் பிடித்து ஒரு முழு ஸ்வரம் பெண்ட் செய்யலாம். அது இன்னும் அழகு.

ஒன்றை மறக்காதீர்கள். விரித்த கையால் பெண்டிங்கும் வைப்ரடோவும் சரியாக வராது. சுண்டுவிரலுக்கு அந்த வலு இல்லை, பின்னால் இருந்து தாங்க மற்ற விரல்களும் இல்லை. ஆகவே ஓடுவதற்கு விரிப்பு, நிற்பதற்கு பாக்ஸ். விரிப்பில் ஏறி வந்து, மூன்றாவது தந்தி ஏழாவது ஃபிரெட்டிலோ இரண்டாவது தந்தி எட்டாவது ஃபிரெட்டிலோ மோதிர விரலை ஊன்றி, மேலே தள்ளி, அந்த ஒரு சுரத்தைப் பேசவிடுங்கள். விரிப்புக்கும் பாக்ஸுக்கும் இடையே போய்வருவதை தினமும் பத்து நிமிடம் மெதுவாக வாசியுங்கள். வேகத்தை அதன் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.